அறிவொளி கொடுத்த சைக்கிள்

1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தையொட்டி புதுக்கோட்டை நகருக்குள் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஹேண்டில்பாரில் கொடி, விடாமல் அடிக்கும் மணி. வயல் வேலைக்குப் போகிறவர்கள், குவாரியில் கல் உடைப்பவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர்கள் என்று எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கிராமத்துப் பெண் சைக்கிள் ஓட்டுவது அந்த மாவட்டத்தில் அதுவரை வழக்கமில்லை.

இதற்கெல்லாம் தொடக்கம் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே அந்த வேகம் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், படிப்போடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். ஊர் ஊராகப் போய் வகுப்புகளைக் கவனிக்க வேண்டிய பெண் தொண்டர்கள் பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருந்தால் வேலை நடக்காது. அவர்கள் ஓட்டப் பழகினார்கள். அவர்களைப் பார்த்து, மாலையில் 'அ, ஆ' எழுதிக்கொண்டிருந்த பெண்களுக்கும் ஆசை வந்தது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க நிர்வாகம் வழி செய்தது.

கற்றுக்கொண்ட விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வளர்ந்த பெண் ஒருத்தி ஊர் நடுவே கீழே விழுந்து எழுவது சின்ன விஷயமல்ல. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் ஒருத்தி கேரியரைப் பிடிக்க, முதல் மிதி மிதிக்க வேண்டும். சிறுவன் விழுந்தால் முழங்கால் சிராய்ப்போடு போகும். அவள் விழுந்தால் அன்று இரவு வீட்டிலும் பேச்சு கேட்க வேண்டும். வழியில் நின்று வாய்க்கு வந்தபடி பேசிய ஆண்களும் இருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு மறுநாளும் அவள் வந்தாள். கேலியைவிட ஆசை பெரிதாக இருந்தது.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பலர் ஏறினார்கள். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் அந்தக் கம்பி சேலைக்கு இடைஞ்சல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதையே விரும்பிக் கேட்ட பெண்கள் இருந்தார்கள்: கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக் கொண்டுபோகலாமே! எந்தப் பாடத்திட்டமும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்காது. தேவை தெரிந்தவள் கையில் ஒரு பொருள் போனதும் அவளே அதற்குப் புதுப் பயன் கண்டாள்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்த மாவட்டத்தைச் சுற்றி எழுதியதில், 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாகக் குறிப்பிட்டார். எண்ணிக்கையைவிட அவர் கவனித்த அன்றாட மாற்றங்கள் முக்கியமானவை. காய்கறியும் மற்ற விளைபொருளும் விற்கப் போகிறவர்களுக்கு பஸ் நிறுத்தத்தில் கழியும் நேரம் மிச்சமானது. இன்னும் நாலு ஊர் சேர்த்துப் போய் விற்க முடிந்தது. தண்ணீர்க் குடம் இடுப்பிலிருந்து கேரியருக்கு மாறியது. அழைத்துப்போக ஆள் தேட வேண்டியதில்லை. எப்போது கிளம்புவது என்பதை அவளே முடிவு செய்தாள்.

அதே காலத்தில் அங்கே கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அதுவரை ஒப்பந்ததாரர் கொடுத்ததைக் கூலி என்று வாங்கியவர்கள், எத்தனை லோடு போனது, எவ்வளவு வர வேண்டும் என்று தாங்களே கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது எழுத்தும் எண்ணும் வெறும் வகுப்புப் பாடமாக இருக்கவில்லை. கேள்வி கேட்கிற கூலிக்காரியை எந்த ஒப்பந்ததாரருக்கும் பிடிக்காது. எதிர்ப்பு பலமாகவே இருந்தது.

புதுக்கோட்டைக்கு நூறு ஆண்டு முன்பே அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் வில்லர்ட் என்ற பெண்ணுரிமைப் போராளி 53 வயதில் சைக்கிள் பழகி, அந்த அனுபவத்தை 1895-இல் புத்தகமாகவே எழுதினார். நாடெங்கும் மேடையேறிப் பேசியவர், மகளிர் கல்லூரிக்குத் தலைமை வகித்தவர். அவருக்குமே இரண்டு சக்கரத்தில் சமநிலை பிடிப்பது புதுப் படிப்பாக இருந்தது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் முதல் நாள் பயம் ஒன்றுதான்.

அறிவொளியில் கற்ற எல்லோருக்கும் எழுத்து நிலைத்தது என்று சொல்லிவிட முடியாது. படிக்க ஏதும் கையில் கிடைக்காத வீட்டில் எழுத்து மெல்ல மங்கிப்போகும். சைக்கிள் அப்படிப் போகவில்லை, அது தினமும் தேவைப்பட்டது. இன்று 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. அந்த மையத்துக்கு வரும் ஒரு பாட்டிக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று முதல் நாளே கேட்க வேண்டும். பேரன் அனுப்பிய செய்தியை வாசிப்பதா, ஊரக வேலைத்திட்டக் கூலி வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்ப்பதா, பஸ்ஸின் பலகையைப் படிப்பதா? அவள் சொல்லும் பதிலிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.