கடைத்தெருவில் நடுங்கிய கார்

பினாங்குப் பாலத்தில் எங்கள் காருக்கு ஒரு குறையும் இருக்காது. பிறைப் பக்கம் ஏறி, கடலைத் தாண்டி, கெளுகோரில் இறங்கும்வரை சீராக ஓடும். கடலோர நெடுஞ்சாலையிலும் அப்படித்தான். ஜார்ஜ்டவுனுக்குள் நுழைந்து முதல் சிவப்பு விளக்கில் நின்றதும் நடுக்கம் ஆரம்பித்துவிடும். ஸ்டீயரிங் நடுங்கும், பக்கக் கண்ணாடி நடுங்கும். டாஷ்போர்டில் அப்பா ஒட்டிவைத்த பிள்ளையார் விடாமல் தலையாட்டுவார்.

அது அப்பா 1990களில் வாங்கிய புரோட்டோன் இஸ்வரா. முதல் புரோட்டோன் சாகா வந்ததும் பாலம் திறந்ததும் ஒரே ஆண்டில், 1985இல். ஆனாலும் அப்பாவுக்குப் பாலத்தைவிடப் படகுதான் பிடிக்கும். பட்டர்வொர்த்தில் காரைப் படகில் ஏற்றியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, எங்களைக் கம்பி ஓரம் கூட்டிப்போய் நிறுத்துவார். 2021லிருந்து படகில் கார் ஏற்றுவதில்லை. அப்பாவும் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போவது இப்போது என் வேலை.

1833இல் எழுந்த கோயில் அது. அதைச் சுற்றியுள்ள தெருக்கள் அதைவிடப் பழையவை. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபின் போட்ட கட்டம் கட்டமான தெருக்கள். நம்மவர்கள் கடைத்தெரு என்று அழைத்த லெபோ பாசாரும் அதற்குள்தான் இருக்கிறது. யுனெஸ்கோ 2008இல் இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நடந்து பார்ப்பவர்களுக்கு அது சொர்க்கம். காரில் போகிறவர்களுக்கு ஒருவழிப்பாதை, பூக்கடை முன் நிற்கும் வேன், குறுக்கே வரும் பீச்சா, பத்தடிக்கு ஒரு பிரேக். எஞ்சினில் ஒளிந்திருக்கும் நோய் இங்கேதான் வெளியே வரும்.

ஒரு ஞாயிறு கோயிலுக்குப் பக்கத்துச் சந்திப்பில் வண்டி நடுங்கி, இருமி, அணைந்தே போனது. பின்னால் வரிசையாக ஹார்ன். மடியில் அர்ச்சனைத் தட்டோடு இருந்த அம்மா, “வித்துருய்யா. நடுரோட்டுல நின்னா எனக்குப் பயமா இருக்கு” என்றார். அந்தக் காரை விற்கச் சொல்லி அம்மா ஒருநாளும் பேசியதில்லை.

முதலில் போன பட்டறையில் பிளக் நான்கையும் மாற்றினார்கள். ஐட்லிங் வேகத்தைத் திருகி ஏற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடித்தது. பிறகு பழைய கதைதான். “எஞ்சின் தேஞ்சிருச்சு, முழுசா பிரிச்சுச் செய்யணும், 2,800 வெள்ளி” என்றார்கள். அந்தப் பணத்தைப் புதுக் காருக்கு முன்பணமாகக் கட்டலாமே என்று என் மனமும் கணக்குப் போட்டது.

விற்பதற்கு முன் கடைசியாக ஒருவரிடம் காட்டலாம் என்று ஜெலுத்தோங்கில் ஒரு சந்துப் பட்டறைக்குப் போனேன். அறுபதைத் தாண்டிய மெக்கானிக். போனட்டைத் திறக்கும் முன் கேள்விதான் கேட்டார்.

“காலையில ஸ்டார்ட் பண்ணும்போது நடுங்குதா, சூடான பிறகா?”

“ரெண்டு நேரமும்தான் அண்ணே.”

“ஏர்கோன் போட்டாத்தானா, போடாட்டியுமா?”

“போடாட்டியும் நடுங்குது. போட்டா இன்னும் அதிகம்.”

“ஓடும்போது?”

“ஒன்னுமே தெரியாது.”

தலையாட்டிக்கொண்டார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளைப் பார்த்தார், நன்றாக இருந்தன. உறை போட்ட இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஒரே மாதிரி தளர்ந்தது. கழற்றியும் மாற்றம் இல்லையென்றால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம். “நாலும் உழைக்குது தம்பி. தேய்மானம் இல்ல” என்றார்.

அடுத்து ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை கார்புரேட்டரைச் சுற்றி மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது. என்னிடம் கொடுத்தார். பாம்பு சீறுவதுபோல “ஸ்ஸ்” என்றது. எஞ்சின் காற்றிழுக்கும் பாதையில் செருகியிருந்த, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய், வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து அடியில் வெடித்திருந்தது. அவர் இரண்டு விரலால் வெடிப்பை அழுத்திப் பிடித்தார். நடுக்கம் நின்றது.

“பாலத்துல ஏன் தெரியல அண்ணே?”

“ஓடும்போது எஞ்சின் நெறைய காத்து இழுக்கும். இந்த ஓட்டைக் காத்து அதுல கலந்து காணாமப் போயிரும். நிக்கும்போது எஞ்சின் கொஞ்சமாத்தான் மூச்சு விடும். அப்போ திருட்டுக் காத்து பெருசாத் தெரியும். பெட்ரோல் அளவுக்கு மேல காத்து சேர்ந்தா சரியா எரியாது.”

குழாயை மாற்றினார். ஏற்றியிருந்த வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு 800 சுற்றில் நிறுத்தினார். கூலியோடு 25 வெள்ளி. கார்புரேட்டர் இல்லாத இன்றைய மைவிகளில்கூட நிற்கும்போது நடுக்கம் வந்தால், கரி படிந்த திரோட்டல் பாடி, பிளக், இதுபோன்ற குழாய்கள் என்று விலை குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு கடைசியில்தான் வர வேண்டுமாம்.

விற்கும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கடைத்தெருவில் மாலைக் கடைக்கு எதிரே ஐந்து நிமிடம் நின்றோம், ஏர்கோனும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டிய அணைச்சிட்டியா?”

“இல்லம்மா, ஓடுது.”

அம்மா கையிலிருந்த பூவில் ஒரு துண்டு கிள்ளி, அசையாமல் இருந்த பிள்ளையாருக்கு வைத்தார். “உங்கப்பா இதைத் தினமும் செய்வாரு” என்றார். பச்சை விளக்கு விழுந்தது.