குவான்சோவில் ஒரு நரசிம்மர்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில், ரசாயன ஆலை ஒன்றில் வேலை அவருக்கு. மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். அது போக இன்னொரு ராத்திரி வேலையும் உண்டு: திரௌபதி அம்மன் திருவிழாக்களில் கட்டியக்காரன் வேஷம். அப்பாவிடம் கற்ற கூத்து.

"ரெண்டு ராத்திரி வேலையும் ஒரே உடம்பு தாங்குமாங்க? கூத்தை விட்டுடுங்க" என்று மனைவி சொல்லாத நாளில்லை. ஊரிலும் நள்ளிரவு தாண்டினால் சனம் எழுந்து போய்விடுகிறது. இந்த வருஷத்தோடு சலங்கையைக் கழற்றிவிடலாம் என்று அவரே முடிவு செய்திருந்தார். அப்போதுதான் சென்னை நாடகக் குழு ஒன்று தன்னோடு சீனாவுக்கு அழைத்தது. கடைசியாக ஒரு ஆட்டம் என்று கிளம்பினார்.

போன ஊர் குவான்சோ. தென்கிழக்குக் கடற்கரை நகரம். ஒத்திகை இல்லாத ஒரு நாளில் பழைய வீதிகளில் நடந்தார்கள். எதிரே வந்த பெண்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூ! பக்கத்து மீனவக் கிராமமான சுன்புவின் வழக்கமாம் அது. போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

அடுத்து, 686-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கையுவான் புத்தர் கோயில். பெரிய மண்டபத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்கள். ஒன்றில் குழலூதும் கண்ணன். சற்றுத் தள்ளி, இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர். அவருக்குக் கால் நகரவில்லை. அப்பா எத்தனை ராத்திரி கட்டிய வேஷம் அது!

மொழிபெயர்ப்புக்கு வந்த பெண் விவரம் சொன்னார். இந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். 1281 சித்திரையில், குப்லாய் கானின் நலம் வேண்டி, சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோயில் பின்னால் அழிந்துபோனது. கற்களை மட்டும் ஊர்க்காரர்கள் வீணாக்கவில்லை. தங்கள் கட்டடங்களில் வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை ஒரு சின்னக் கோயில் வாசலில் பொம்மலாட்டம். ஒவ்வொரு பொம்மைக்கும் பதினாறுக்குக் குறையாத நூல்கள். மேடை சாமியைப் பார்த்தபடி இருந்தது. பார்க்க உட்கார்ந்திருந்தவர்கள் ஏழெட்டுக் கிழவர்கள். ஆட்டக்காரரோ ஒரு அசைவைக்கூடக் குறைக்கவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண்ணை விட்டுக் கேட்கச் சொன்னார்: "ஆளே இல்லையே, சுருக்கமா முடிச்சிருக்கலாமே?"

"சாமிக்குத்தானே ஆடுறோம். சாமி எழுந்து போகலையே" என்றாராம் அந்தப் பெரியவர்.

அப்பாவும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அப்போது காதில் விழவில்லை.

ஊர் திரும்பியதும் மனைவியிடம் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். நைட் ஷிப்ட் வாரத்தில் கூத்து கிடையாது. மற்றபடி ஒத்துக்கொண்ட கூத்தை விடியும்வரை முழுசாக ஆடுவது.

அந்த வருஷத் திருவிழாவில் அப்படித்தான் ஆடினார். கிழக்கு வெளுத்தபோது எதிரே பத்துப் பேர்தான் மிச்சம். அதில் ஒருவர் அவர் மனைவி. கொண்டையைச் சுற்றி மல்லிகையை வைத்துக்கொண்டு, தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.