கல்லில் பிறந்த விளம்பரங்கள்

பாரிஸ் நகரின் பழைய வீதிகளில் நடந்து செல்வோர் சில சுவர்களில் ஒரு வாசகத்தைக் காணலாம். 'சுவரொட்டி ஒட்டத் தடை - 1881 ஜூலை 29ஆம் திகதிச் சட்டம்' என்பதே அதன் பொருள். அங்கு சென்றிருந்த வேளை, நூறாண்டு கடந்த சட்டமொன்று இன்னும் சுவரில் நிற்பதைக் கண்டு வியந்தேன். இதில் விந்தை என்னவென்றால், அச்சுக்கும் சுவரொட்டிக்கும் இருந்த பல கட்டுப்பாடுகளை நீக்கியதும் இதே சட்டம்தான். வெள்ளைத்தாள் அரச அறிவித்தல்களுக்கு மாத்திரம் என ஒதுக்கப்பட்டது. வியாபாரிகளோ நகரையே வர்ணத்தால் நிரப்பிவிட்டார்கள்.

அதற்கு உதவியது கல்லச்சு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவில் அலோய்ஸ் செனபெல்டர் கண்டுபிடித்த முறை இது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்ந்த கோலால் வரைந்து, கல்லை நனைத்து மை பூசுவார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதல்லவா? வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கல். நமது மத்ரஸாக்களில் ஓதப்பட்ட பழைய கிதாபுகளும் அறபுத் தமிழ் நூல்களும் பல இவ்வாறு கல்லச்சில் வந்தவையே. கையெழுத்தின் அழகு குன்றாமல் அச்சிட அது கைகொடுத்தது.

லண்டனில் தொழில் பயின்ற யூல் ஷெரே என்பவர் 1866இல் பாரிஸில் அச்சகம் திறந்தார். தம் வாழ்நாளில் ஏறக்குறைய ஆயிரம் சுவரொட்டிகள் வரைந்தார். விற்பது விளக்குக்கான மண்ணெண்ணெயோ இருமல் மாத்திரையோ, பெரும்பாலும் முன்னால் நிற்பது சிரித்த முகத்துடன் ஓர் இளம் பெண்! பொருளுக்கும் அவளுக்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டவர் குறைவு. பசை காயுமுன் சுவரொட்டியை உரித்துச் சென்று சேகரித்தவர்களும் இருந்தார்கள்.

பெண்ணை அடுத்துக் குழந்தையும் வந்தது. 1894இல் ஸ்டெய்ன்லன் வரைந்த பால் விளம்பரத்தில் சிவப்புச் சட்டைச் சிறுமி பால் அருந்த, பூனைகள் ஏக்கத்துடன் அண்ணாந்து பார்க்கின்றன. மெனியே சொக்லேட்டுக்காக பிர்மின் புவிஸே வரைந்த படத்தில், ஒரு சிறுமி நமக்கு முதுகு காட்டி நின்று சுவரில் அந்தப் பெயரை எழுதுகிறாள். இருவருமே தத்தம் மகளை வைத்து வரைந்தவர்கள்.

செய்ன் நதிக்கரையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் இத்தகைய படங்களின் பிரதிகள் விற்கிறார்கள். மெனியே படத்தின் முன் நாங்கள் நின்றபோது, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்த நண்பரின் மகள் அதை மெல்ல வாசித்தாள். பிறகு தந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாப்பா, எனக்குச் சொக்லேட்!"

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரைந்தவர் மறைந்து எவ்வளவோ காலமாகியும் படம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

சகோதரிகளே, கல் ஒன்றுதான். அதில் கிதாபும் அச்சாகியது, ஆசையும் அச்சாகியது. பிள்ளையின் உள்ளமும் அப்படியொரு கல்தான். முதலில் அதில் எழுதுவது நாமா, கடைக்காரரா?