தும்புத்தடியும் டோஜோவும்

கொஞ்சம் நீண்ட பதிவு. என்னுடைய பிழை ஒன்றைப் பற்றியது என்பதால் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை.

போன தவணை எனது தரம் 8 வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பிந்தி வருபவர் அன்று வகுப்பறையைக் கூட்ட வேண்டும். அடிக்கவில்லை, ஏசவில்லை, தும்புத்தடியைத்தானே கொடுக்கிறேன் என்று எனக்கு நல்ல திருப்தி. ஒரு மாணவன் தொடர்ந்து மூன்று நாள் பிந்தினான். மூன்று நாளும் கூட்டினான். நான்காம் நாள் பாடசாலைக்கே வரவில்லை.

அன்று பின்னேரம் அவனுடைய வாப்பாவைச் சந்தியில் கண்டேன். பிரதேச சபையில் துப்புரவுத் தொழிலாளி. அவர் சத்தம் போடவில்லை.

"சேர், மகன் கூட்டினதுல எனக்கு ஒரு குறையுமில்ல. ஆனா கூட்டுறது ஒரு தண்டன எண்டு அவனுக்குப் படிப்பிச்சிட்டீங்களே. நான் விடியச் செய்ற வேலையும் அதுதானே. இப்ப அவன் என்ட முகத்தப் பாக்கிறானில்ல."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இந்தப் பாடத்தை எனக்கு ஒருவர் ஏற்கெனவே படிப்பித்திருந்தார். நான்தான் மறந்துவிட்டேன்.

ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் பின்னேரங்களில் கராத்தே பழகப் போனேன். பகலில் டியூஷன் நடக்கும் ஒரு பழைய மண்டபம். வாங்கு மேசைகளை ஓரமாக்கினால் அதுதான் எங்கள் டோஜோ. பயிற்றுவித்தவர் வயதான ஒரு சிங்களச் சகோதரர். அவரை 'சென்ஸே' என்போம். ஜப்பானில் பாடசாலை ஆசிரியரையும் இதே சொல்லால்தான் அழைப்பார்கள். முதல் நாள் அவர் எனக்குக் குத்தவோ உதைக்கவோ சொல்லித் தரவில்லை. செருப்பை வாசலில் நேராக வைக்கச் சொன்னார். பயிற்சி முடிந்ததும் ஒரு ஈரத்துணியைத் தந்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் முழந்தாளிட்டுத் தரையைத் துடைக்கத் தொடங்கினார். கறுப்புப் பட்டி கட்டிய மனிதர்! எனக்குக் கூச்சமாக இருந்தது.

'டோ' என்றால் வழி, 'ஜோ' என்றால் இடம். வழியைப் பழகும் இடம். பௌத்தத்திலிருந்து வந்த சொல் அது. புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறித்தது. பிறகுதான் தற்காப்புக் கலை பழகும் இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் ஒரு கோயிலின் அறையில் 12 பாய்களை விரித்துத்தான் தனது கோடோகனைத் தொடங்கினார். அதே மனிதர் பிற்காலத்தில் பல வருடங்கள் அங்குள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார்.

ஆனால் என் மனதில் நிற்பவர் கிச்சின் ஃபுனகோஷி. ஒகினாவாத் தீவில் சுமார் 30 வருடங்கள் பாடசாலை ஆசிரியர். 1922இல் கராத்தேயைக் காட்டத் தோக்கியோ போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கையில் காசில்லை. ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதியொன்றில் அறைகளைக் கூட்டினார், தோட்டம் பார்த்தார், காவல் இருந்தார். அந்த விடுதியின் விரிவுரை மண்டபம் சும்மா கிடக்கும் நேரத்தில் கராத்தே படிப்பித்தார். பின்னாளில் அவருக்கென்று கட்டிய ஷோடோகன் டோஜோ 1945 குண்டுவீச்சில் எரிந்து போனது. கட்டடம் போனாலும் அவர் படிப்பித்தது போகவில்லை.

எங்கள் ஆட்களுக்குக் குனிவது பற்றிய கேள்வி இருக்கும். எனக்கும் இருந்தது. சில டோஜோக்களில் ஷிண்டோ மாடம் இருக்கும், சிலவற்றில் ஸ்தாபகரின் படம் இருக்கும், அதை நோக்கிக் குனிவார்கள். நான் சென்ஸேயிடம் நேரடியாகச் சொன்னேன். "படத்துக்குக் குனிய வேண்டாம் மகன், நேராக நில்லுங்க" என்றார். "ஆனா உங்களோட மோதுறவருக்கு ஒரு மரியாத குடுங்க. உங்கள நம்பித்தான் அவர் உடம்ப முன்னுக்கு வைக்கிறார்." நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தேன். ஏற்றுக்கொண்டார். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, அதை உலமாக்களிடம் கேளுங்கள். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டோஜோவில் கூட்டுவது தண்டனை இல்லை. அது பயிற்சியின் கடைசிப் பகுதி. ஜப்பானியப் பாடசாலைகளிலும் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களேதான் சுத்தம் செய்கிறார்கள், பிழை செய்த பிள்ளை மட்டுமல்ல, எல்லோரும். அதே வேலையைத்தான் நான் குற்றவாளியின் கையில் கொடுத்தேன். சுத்தம் பற்றிய ஹதீஸை அந்த வகுப்பறைச் சுவரில் ஒட்டியதும் நான்தான்.

அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போய் வாப்பாவிடமும் மகனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது. வாப்பா விடியவே வேலைக்குப் போவதால், தங்கச்சியை முன்பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அவன் வருகிறான். ஏன் பிந்துகிறாய் என்று மூன்று நாளும் நான் கேட்கவேயில்லை.

இப்போது கடைசிப் பாடவேளை முடியப் பத்து நிமிடத்துக்கு முன் எல்லோரும் கூட்டுகிறோம். தும்புத்தடியை முதலில் எடுப்பது நான். முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். "சேர் என்ன பிழ செஞ்ச?" என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. "பெரிய பிழ ஒண்டு" என்றேன்.

அந்த மாணவன் இரண்டு வாரம் தும்புத்தடியைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. போன வியாழக்கிழமை நான் மூலையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கிட்ட வந்தான். "சேர், அப்படிக் கூட்டினா தூசி எழும்பும். தண்ணி தெளிச்சிட்டுக் கூட்டணும். வாப்பா அப்படித்தான் செய்ற" என்றான்.

தும்புத்தடியை அவனிடம் கொடுத்தேன். வகுப்பே நின்று அவனிடம் கூட்டப் பழகியது.

ஆசிரிய நண்பர்களே, நமது வகுப்பறைகளில் தும்புத்தடி யார் கையில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பெற்றோர்களே, நாங்கள் பிழை விட்டால் அந்த வாப்பாவைப் போல வந்து சொல்லுங்கள். அல்லாஹ் அவருடைய உழைப்பில் பரக்கத் செய்வானாக.