ஊரடங்கில் ஒரு தோள்

2020 மார்ச் இரண்டாம் வாரத்தில் திருச்சியில் எனக்கு வலது தோளில் ஆபரேஷன் நடந்தது. கையைத் தூக்க உதவும் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தது. சின்னத் துளைகள் போட்டு, எலும்பில் திருகு இறக்கி, நாணை நூலால் இழுத்துக் கட்டினார்கள். “அது எலும்போட ஒட்டிப் பிடிக்க மூணு மாசம் ஆகும் டீச்சர். ஆறு வாரத்துக்கு அந்தக் கையால ஒரு டம்ளர்கூடத் தூக்காதீங்க” என்றார் டாக்டர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 27-ஆம் தேதி. என் கவலையெல்லாம் அதில்தான்.

கழுத்தோரம் போட்ட மரப்பு ஊசியால் அன்று மாலைவரை கை யாருடையதோ போலக் கிடந்தது. நள்ளிரவுக்குமேல் மரப்பு விட்டபோது உயிர் போய் வந்தது. மரப்பு விடுவதற்கு முன்பே மாத்திரை போட வேண்டும் என்று மறுநாள்தான் சொன்னார்கள். அந்த மாத்திரை வயிற்றைக் கட்டும் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார்; நாடு முழுக்க ஊரடங்கு. தையல் பிரிக்கப் பக்கத்து வீட்டுக் காரில் போனோம். காவிரிப் பாலத்தருகே போலீஸ்காரர் ஸ்லிங்கைப் பார்த்தார். டிஸ்சார்ஜ் தாளைக் கேட்கவே இல்லை. திரும்பிய பிறகு எல்லாம் வீட்டுக்குள்தான். மல்லாந்து படுத்தால் தோள் குடையும். சாய்வு நாற்காலியில், முழங்கைக்கடியில் தலையணை வைத்துத் தூங்கினேன். பிரதமர் கேட்டுக்கொண்டபடி ஏப்ரல் 5 இரவு தெருவெல்லாம் விளக்கேற்றியதையும் அதில் சாய்ந்தபடியேதான் பார்த்தேன். குளிக்க, ஜாக்கெட் போட, தலை பின்ன என எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர். அவர் போட்ட பின்னல் எப்போதும் இடப்பக்கம் கோணும்.

பிசியோதெரபிப் பெண் வாட்ஸ்அப் வீடியோவில் வருவாள். மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட வேண்டும். “கையை நீங்க ஆட்டாதீங்கக்கா. உடம்பை அசைங்க, அது தானா ஆடட்டும்.” பிறகு ஜன்னல் கம்பியில் கொடிக்கயிற்றைப் போட்டு, நல்ல கை இழுக்க மற்றது ஏறியது. ஏறியதாகத்தான் எனக்குத் தோன்றியது. கடையெல்லாம் திறந்தபின் நேரில் போனபோது, அவள் தோள்பட்டை எலும்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு “இப்பத் தூக்குங்க” என்றாள். கை நெஞ்சளவில் நின்றுவிட்டது. அதுவரை தோள்பட்டையைத்தான் தூக்கியிருக்கிறேன். வீடியோவில் அது தெரியவில்லை. தொட்டுச் செய்ய வேண்டிய வைத்தியத்தைத் திரையில் செய்தால் இவ்வளவுதான் கிடைக்கும்.

இறுகிய தோளை இளக்குவது ஆபரேஷனைவிடக் கொடுமை. இழுக்கும்போது வலிக்கலாம், ஆனால் அந்த வலி ராத்திரிவரை நீடித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவள் சொன்ன அளவுகோல். தள்ளிக்கொண்டே போன பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தான செய்தி ஜூன் 9 அன்று வந்தபோது, நான் சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன். எலாஸ்டிக் பட்டையை இழுத்துப் பலம் ஏற்றும் பயிற்சியெல்லாம் அதற்கப்புறம்.

2021 ஜனவரி 19-இல் பள்ளி திறந்தது. கரும்பலகையின் மேல்விளிம்புவரை கை எட்டியது, இரண்டாவது பீரியடில் கடுத்தாலும். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதுதான் இன்றுவரை முழுதாக வரவில்லை.