பண்ணவாடியில் ஆடிக் காற்று

மேட்டூர் அணை நிரம்பினால் ஏறக்குறைய 60 சதுர மைலுக்குத் தண்ணீர் விரிந்து கிடக்கும். 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. 1934-இல் கட்டி முடித்த இந்த அணையின் எண்கள் டெல்டா விவசாயிகளுக்கு மனப்பாடம். அணைக்குள்ளேயே வலை விரித்துப் பிழைக்கும் பரிசல்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது காற்று.

அதைப் பார்க்கவே ஆடி மாதத்தில் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடித் துறைக்குப் போனேன். எதிர்க்கரை தருமபுரி மாவட்டத்து நாகமரை. கரையில் பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன; ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். "கல்லு வைக்கலைன்னா காத்து உருட்டிக்கிட்டுப் போயிருமுங்க" என்றார் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர். ஒரு காலத்தில் மூங்கில் பிளாச்சில் பின்னி, மேலே மாட்டுத்தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. இப்போது பைபர் பரிசல்களும் வந்துவிட்டன. "பைபர் பொத்தல் விழாது. மூங்கிலு அலைக்கு வளைஞ்சு குடுக்கும்" என்று இரண்டுக்கும் நியாயம் சொன்னார்.

ஒரு தம்பதி வலை எடுக்கக் கிளம்பினார்கள். அந்த அம்மா துடுப்பு போட, அவர் வீட்டுக்காரர் வலை இழுப்பார். "நடுவுல குத்த வச்சு உக்காருங்க சார். அலை வந்தா எந்திரிக்காதீங்க, வெளிம்பைப் புடிக்காதீங்க" என்று சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

காற்று பாலமலைப் பக்கமிருந்து வருகிறது. மலையும் மேடும் மறைப்பதால் பண்ணவாடிக் கரையோரம் தண்ணீர் அமைதியாகவே இருக்கும். உள்ளே போகப் போகத்தான் அலை வளரும். தடையில்லாமல் காற்று எவ்வளவு தூரம் தண்ணீரைத் தள்ளுகிறதோ அவ்வளவு உயரம். நீர்மட்டம் இறங்கி, அணைக்குள் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும் வருஷங்களில் நீர்ப்பரப்பு சுருங்கும், அலையும் சிறுக்கும். அணை நிரம்பியிருக்கும் ஆடியில்தான் ஆபத்து.

இங்கே ஆபத்தாகும் காற்றே, சென்னைக் கடலில் பாய்மரப் படகுப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு எஞ்சின். படகின் அடியில் இறங்கியிருக்கும் பலகை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால், எதிர்க்காற்றிலும் குறுக்கும் மறுக்குமாக ஓட்டி முன்னேறிவிடுவார்கள். பரிசலுக்குப் பாயும் இல்லை, அடிப்பலகையும் இல்லை. முன் எது, பின் எது என்றும் கிடையாது. துடுப்பை ஒரே பக்கம் போட்டால் வட்டமடிக்கும். அந்த அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துடுப்பை எட்டிக் குத்தி, தன்னை நோக்கி இழுத்தார். ஒரு இழுப்பு வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம். அலையைப் பரிசல் கிழிக்கவில்லை, ஏறி இறங்கியது. தெறித்து விழுந்த தண்ணீரை வெட்டிய கேனால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார் வீட்டுக்காரர். வலையில் ஜிலேபி, கட்லா மீன்கள் வந்தன.

போகும்போது காற்று தள்ளிவிடும். திரும்பும்போதுதான் அது எதிரே நிற்கும். பாதி வலை எடுத்ததுமே அந்த அம்மா மேற்கே பார்த்தார். தூரத்தில் தண்ணீர் கறுத்து, வெள்ளை நுரை பூத்திருந்தது. "மீதி நாளைக்கு" என்றார். வீட்டுக்காரர் மறுபேச்சு பேசவில்லை. எதிர்க்கரைப் பக்கம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அங்கயே கரையேறி, பரிசலைச் சாய்ச்சு வச்சு நெழல்ல உக்காந்துக்குவோம். காத்து அடங்குனாத்தான் வருவோம். காத்தோட மல்லுக்கட்டுனவன் வீடு வந்து சேர மாட்டான்."

கைவலியோடு திரும்பியவர்களுக்கு மிஞ்சியது அரைவலை மீன்தான். இந்தத் தொழிலில் திறமை என்பது துடுப்பு வலிமை மட்டுமல்ல, எந்த இடத்தில் வலையை விட்டுவிட்டு வருவது என்ற முடிவும்தான். அந்த முடிவின் விலையை அவர்களே கொடுக்கிறார்கள்.

கடலுக்குப் போகும் மீனவர்களுக்குக் காற்றின் வேகத்தைச் சொல்லி வானிலை மையம் எச்சரிக்கிறது. பண்ணவாடித் துறையில் காற்றுமானி எதுவும் என் கண்ணில் படவில்லை; அந்தப் பரிசலில் உயிர்காப்பு உடுப்பும் இல்லை. இரண்டுமே பெரிய செலவல்ல. ஆடி பிறக்கும் முன் மீன்வளத் துறை அணையோரத் துறைகளில் இவற்றுக்கு வழி செய்ய வேண்டும்.