திங்கட்கிழமை மாட்டினி

மும்பை லாமிங்டன் சாலைக்கு இன்று கம்ப்யூட்டர் உதிரிபாகம் வாங்க வருகிறவர்களில் எத்தனை பேர் நாஸ் கட்டடத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பது சந்தேகம். ஒருகாலத்தில் இந்திப் படங்களின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்பட்டது. மாடி மாடியாக விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள், வராந்தாவெல்லாம் படப்பெட்டிகள், கீழே நடைபாதையில் டீக் கிளாசுடன் ஆருடக்காரர்கள். வெள்ளிக்கிழமை மாட்டினியின் இடைவேளைக்குள் தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பு பெரும்பாலும் தப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

அந்தக் கட்டடத்தின் ஓர் அலுவலகத்தில் 34 வருடம் கணக்கெழுதியவர் அவர். திருநெல்வேலிப் பக்கம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கையோடு 1974ல் பம்பாய்க்கு ரயிலேறிய ஏராளமான இளைஞர்களில் ஒருவர். மாட்டுங்காவில் ஜாகை, வடாலாவில் மெஸ் சாப்பாடு. சூரத், ராஜ்கோட், புனே, கோலாப்பூர் என்று பம்பாய் ஏரியாவின் தியேட்டர்களிலிருந்து ராத்திரி டிரங்க் காலில் வரும் வசூலைக் காட்சிவாரியாகப் பதிவு செய்வது வேலை. முதலாளியை எல்லோரையும்போல இவரும் சேட் என்றே அழைத்தார். சேட் இவரை 'மேனேஜர் ஸாப்' என்பார். சம்பளம் மட்டும் குமாஸ்தா சம்பளம்.

வேலைக்குச் சேர்ந்த மறு வருடமே முதல் பாடம். 1975 ஆகஸ்ட் 15ல் 'ஷோலே' வந்தது. நாஸ் கட்டடத்தின் தீர்ப்பு: டப்பா. சினிமா வியாபாரப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. ஜனங்கள் கைதட்டவில்லை, விசிலடிக்கவில்லை, கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சாட்சியம். வொர்லியில் இருந்த கீதா தியேட்டரின் உரிமையாளர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். அவர் கணக்கு கேன்டீன் கணக்கு. குளிர்பானமும் ஐஸ்கிரீமும் விற்பனை குறைந்துவிட்டது. இடைவேளையில்கூட எழுந்து வர மனமில்லாமல் ஜனங்கள் பிரமித்து உட்கார்ந்திருக்கிறார்கள், எனவே படம் ஹிட் என்றார். நாஸ் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த மினர்வாவில் அந்தப் படம் ஐந்து வருடம் ஓடியது. அதே வருடம்தான் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாத 'ஜெய் சந்தோஷி மா' படத்துக்குப் பெண்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தியேட்டருக்குள் போனார்கள், திரையை நோக்கிக் காசு வீசினார்கள். அதையும் எந்த ஆருடக்காரரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இந்த ஆருடம் பொழுதுபோக்கு. உள்ளே இருப்பவர்களுக்கு அதுதான் பிழைப்பு. மினிமம் கியாரண்டி முறையில் விநியோகஸ்தர் ஒரு தொகையை முன்னதாகவே தயாரிப்பாளருக்குக் கட்டிவிட வேண்டும். கேளிக்கை வரியும் தியேட்டர் வாடகையும் போக மிஞ்சுவதில் போட்ட பணம் திரும்பினால் பிழைத்தார். அதற்கு மேல் வந்தால் 'ஓவர்ஃப்ளோ', அதில் தயாரிப்பாளருக்கும் பங்கு. திரும்பாவிட்டால் நஷ்டம் முழுக்க விநியோகஸ்தர் தலையில். படத்தைப் பார்க்காமலே, சில சமயம் பாதி எடுத்து முடிப்பதற்கு முன்பே, விலை பேச வேண்டியிருக்கும். ஆகவே யாராவது ஒருவர் 'ஓடும்' என்று சொல்ல வேண்டும்.

சேட்டுக்கு அதைச் சொன்னவர் இவர்தான். பத்து வருடப் பேரேடுகளைப் புரட்டி அவர் கண்டுபிடித்திருந்த சூத்திரம் எளிமையானது. வெள்ளி, சனி, ஞாயிறு வசூல் நட்சத்திரத்துடையது; அதை நம்பக் கூடாது. திங்கட்கிழமை மாட்டினிதான் படத்துடையது. சமையலை முடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு சூரத்தில் ஒரு பெண் திங்கட்கிழமை மத்தியானம் டிக்கெட் எடுக்கிறாள் என்றால், படம் 25 வாரம் போகும். அந்த ஒரு காட்சியின் எண்ணிக்கையை வைத்து எத்தனை பிரின்ட் கூடுதலாகப் போடலாம், எந்த ஊரிலிருந்து பெட்டியைத் திருப்பலாம் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் பலித்தது. நாஸ் கட்டடத்தில் அவருக்குக் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெரிய நட்சத்திரத்தின் படம் விலைக்கு வந்தது. அதே கூட்டணியின் முந்தைய படத்துக்குத் திங்கட்கிழமை மாட்டினிகள் நிரம்பி வழிந்தன என்று பேரேடு சொன்னது. 'எடுங்கள்' என்றார். எடுத்தார்கள். மூன்று நாள் ஹவுஸ்ஃபுல். திங்கட்கிழமை மாட்டினியில் ராஜ்கோட்டில் நாற்பது பேர். படம் மோசமில்லை, ஞாயிறு ராத்திரியே உள்ளூர் கேபிள்காரர் திருட்டு கேசட்டைப் போட்டுவிட்டார். சூரத்துப் பெண் படத்தைப் பார்த்துவிட்டாள், ஆனால் வீட்டிலிருந்தே. கேபிள் வயரை எந்தப் பேரேட்டில் பதிவு செய்வது? சேட் கார் பகுதியிலிருந்த பிளாட்டை விற்றுக் கடனை அடைத்தார். இவரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இவர் இன்றும் சொல்கிறார்.

1994ல் வந்த 'ஹம் ஆப்கே ஹை கௌன்' இதே நோய்க்கு வைத்தியம் பார்த்த படம். கல்யாண வீடியோ என்று முதல் காட்சியில் வியாபாரிகள் சிரித்தார்கள். தயாரிப்பாளர்களோ ஆரம்பத்தில் குறைந்த தியேட்டர்களில் மட்டும் வெளியிட்டு, வீடியோவை வெளியிடாமல் நிறுத்திவைத்து, தியேட்டருக்குப் போனால்தான் பார்க்க முடியும் என்ற நிலையை உண்டாக்கினார்கள். வீட்டில் அடைந்துகிடந்த குடும்பங்கள் திரும்பி வந்தன.

பிறகு எல்லாமே வேகம். 1997ல் டெல்லி சாகேத்தில் பி.வி.ஆர். அனுபம் திறந்ததும் மல்டிப்ளெக்ஸ் காலம் ஆரம்பித்தது. பெட்டி போய் டிஜிட்டல் வந்தது. 25 வாரத்தில் வந்த பணத்தை மூன்று நாளில் அள்ளிவிட வேண்டும் என்று ஒரே வெள்ளியன்று ஆயிரக்கணக்கான திரைகளில் படத்தை இறக்கினார்கள். 2008ல் 'கஜினி' - அதே தமிழ்க் கதைதான் - இந்தியில் 100 கோடியைத் தாண்டியதும் வாரக் கணக்கு போய்க் கோடிக் கணக்கு வந்தது. அந்த வருடம் இவர் ஓய்வுபெற்றார். பொருத்தமான நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஆருடம் ஓய்வு பெறவில்லை. சேட் காலமான பின் மகன் கையில் மிஞ்சியது தெற்கு குஜராத்தில் ஒரு சிற்றூர்த் தியேட்டர். ஒரே திரை, பதினோரு ஊழியர்கள். எந்தப் படத்தைப் போடுவது என்று வாராவாரம் மகன் போன் செய்வார்: "அங்கிள், இந்த வெள்ளிக்கிழமை என்ன?" கொரோனாவுக்கு முன்பு அது மரியாதைக்குக் கேட்ட கேள்வி. பல மாதம் பூட்டிக் கிடந்து, வங்கிக் கடன் ஏறி, ஊழியர்களில் நான்கு பேர் போன பிறகு 2021 டிசம்பரில் கேட்டபோது அது மரியாதைக்கான கேள்வி அல்ல.

டிசம்பர் 17ல் தெலுங்கிலிருந்து டப் செய்த 'புஷ்பா', 24ல் '83'. இவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. கிரிக்கெட், கிறிஸ்துமஸ் விடுமுறை, ரன்வீர் சிங், கபில் தேவ் கதை. 1983 ஜூன் 25ம் தேதி ராத்திரி மாட்டுங்காவில் பக்கத்து வீட்டு டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்து இறுதி ஆட்டம் பார்த்தவர் அவர். '83'ஐப் போடச் சொன்னார். முதல் வாரமே 'புஷ்பா'வை எடுத்துவிட்டார்கள்.

'83' விழுந்தது. ஒமைக்ரான் மேல் பழி போட்டார். டெல்லியில் அதே வாரம் தியேட்டர்களை மூடியதும் உண்மைதான். ஆனால் அதே ஒமைக்ரானில், அதே ஜனங்கள் மத்தியில், 'புஷ்பா'வின் இந்திப் பதிப்பு வாராவாரம் ஏறிக்கொண்டே போய் 100 கோடியைத் தாண்டியது. ஜனவரி 14ல் பிரைம் வீடியோவில் வந்த பிறகும் தியேட்டரில் ஓடியது. வீட்டுக்கு வந்துவிட்ட படத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? ராஜ்கோட் கேபிளில் அவர் கற்ற பாடமும் செல்லாமல் போனது.

"இந்த அல்லு அர்ஜுன் யாருப்பா? இந்தியில் எப்போ நடிச்சான்?" என்று மகனிடம் கேட்டார். பக்கத்திலிருந்த கேன்டீன் பையன் சிரித்தது போனில் கேட்டது. பத்து வருடமாக இந்தி டி.வி. சேனல்களிலும் யூடியூபிலும் டப் செய்த தெலுங்குப் படங்கள் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன. அந்தப் பையனுக்கு அல்லு அர்ஜுன் அறிமுக நடிகரே அல்ல; பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்த முகம். 1983தான் அவனுக்குத் தெரியாது. பிறக்கவே இல்லையே. இத்தனை கூட்டம் எந்த பாக்ஸ் ஆபீஸ் ரிப்போர்ட்டிலும் பதியாமல் செல்போனுக்குள் சேர்ந்திருந்தது என்பது கணக்கெழுதியவருக்கு ஜீரணிக்க முடியாத விஷயம். இன்றைக்கு ஆர்வத்தை அளந்து முதல் நாள் வசூலைக் கணிப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. முன்பதிவு நொடிக்கு நொடி தெரிகிறது. அது வெள்ளிக்கிழமைக்கு உதவுகிறது. திங்கட்கிழமைக்கு இன்னும் யாரிடமும் மருந்தில்லை.

தோல்வியைவிட அவரை அதிகம் குழப்பியது 'தும்பாட்'. 2018ல் வந்தபோது ஓடாது என்றார், சுமாராகத்தான் ஓடியது. 2024 செப்டம்பரில் மறுபடி வெளியிட்டார்கள். எத்தனையோ பேர் ஓ.டி.டி.யில் பார்த்து முடித்த படம். மகன் கேட்டபோது போனை வைத்துவிடலாமா என்று தோன்றியதாம். முதல் முறையைவிட இரண்டாம் முறை அதிகம் வசூலித்தது. அதே படம், அதே பிரேம்கள், மழைகூட அதே மழை. "கணக்கில் இதற்குத் தலைப்பே கிடையாது" என்கிறார். வீட்டில் தனியாகப் பார்த்தவர்கள் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள் என்று பேத்தி விளக்கினாள். அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

2025 ஜூலையில் 'சையாரா'. இரண்டும் அதிகம் தெரியாத முகங்கள், பெரிய பேட்டிகள் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் 'தேறாது' என்று எழுதிவைத்திருந்தார். மாலையில் கல்லூரியிலிருந்து வந்த பேத்தி, வகுப்பில் பாதிப் பேர் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். எதனால் என்று கேட்டார். பாட்டு, என்றாள். அவர் மகனுக்குப் போன் செய்து தன் கணிப்பைச் சொல்லவில்லை. பேத்தி சொன்னதைச் சொன்னார். மகன் படத்தைப் போட்டார். நீண்ட காலத்துக்குப் பிறகு அந்தத் தியேட்டரில் ஹவுஸ்ஃபுல் போர்டைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்ட வேண்டியிருந்தது.

நோட்டில் 'தேறாது' என்பதை அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் வசூலை எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை மாட்டினிக்கு நேரே, பழைய வழக்கப்படி, சிவப்பு மையில் ஒரு கோடு: 212 டிக்கெட். அடுத்த பக்கத்தின் மேல் அடுத்த வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டுவைத்து, கேன்டீன் பையனின் செல் நம்பரை மகனிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.